அத்தியாயம் 3: முதல் ரோபோ கிட்டை மலையில் இருப்பவர் எப்படி வாங்குவது?

கொடைக்கானல் மலையின் பூம்பாறையில் பூண்டு விவசாயம் செய்யும் ஒருவர் போன டிசம்பரில் ஓர் அட்டைப்பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்காக வாங்கிய ரோபோ கிட் பெட்டிக்குள் இருந்தது.

“சார், மூவாயிரத்து எறநூறு ரூவா. ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு. இப்ப மோட்டார் சுத்துற சத்தம் கேக்குது, சக்கரம் மட்டும் அப்படியே நிக்குது.”

மோட்டாரைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்றில் மூன்று பற்கள் மழுங்கியிருந்தன. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கியர் மோட்டார் ஒன்று நூறு ரூபாய்க்குள்தான். ஆனால் அந்த கிட்டில் இருந்தது தனி அளவு, தனி பிளக். வேறு எந்த மோட்டாரும் அதில் உட்காரவில்லை. விற்ற இடத்தில் கேட்டதற்கு, உதிரி பாகம் தருவதில்லை, முழு செட்டாகத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். “அண்ணே, இதுல பாப்பா மேல ஒரு தப்பும் இல்ல” என்று சொல்லித்தான் அவரை அனுப்பினேன். பல்சக்கரம் தேய்வது சகஜம். அதை மாற்ற வழி இல்லாத கிட்டை வாங்கியதுதான் பிழை.

சென்னையில் இருப்பவருக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கிறது. ஒரு மோட்டார் போனால் மாலைக்குள் இன்னொன்று கையில் இருக்கும். கொடைக்கானலிலிருந்து மதுரை சுமார் 120 கிலோமீட்டர். பூம்பாறை, மன்னவனூர்க்காரர்களுக்கு இன்னும் தூரம். நூறு ரூபாய்ப் பொருளுக்காக ஒரு நாள் வேலையையும் போகவர பஸ் காசையும் செலவழிக்க வேண்டும். அதனால் மலையில் இருப்பவர் கிட் வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இதில் ஒரு பாகம் போனால், அதை மட்டும் வாங்கி நானே மாற்ற முடியுமா? விலை, தோற்றம், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் “50 செயல்திட்டங்கள்” எல்லாம் இதற்குப் பிறகுதான்.

எதை ரோபோ என்கிறோம்?

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஒரு கோபுரம் இருக்கிறது, 11 மீட்டர் உயரம். அதன் மேலே உள்ள கண்ணாடி சூரியனைத் தொடர்ந்து திரும்பி, ஒளியைக் கீழே இறக்கி, தரைக்கடியில் 60 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்துக்குள் அனுப்புகிறது. இந்த வகைக் கண்ணாடி 48 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் சுழல வேண்டும். சுழன்றால் சூரியன் நகர்ந்தாலும் பிம்பம் நகராது. அருமையான இயந்திரம். ஆனால் அடிப்படையில் அது கடிகாரம் போல ஓடுவது. சூரியனை மேகம் மறைத்தாலும் அது தன் கணக்குப்படி திரும்பிக்கொண்டேதான் இருக்கும்.

நீங்கள் செய்யப்போகும் ரோபோ அளவில் சிறியது. ஆனால் அதற்குக் கண் உண்டு. சென்சார் எதையாவது பார்க்கும், போர்டு முடிவெடுக்கும், மோட்டார் அசையும். அசைந்த பிறகு சென்சார் மறுபடி பார்க்கும். இந்தச் சுற்று இருந்தால் ரோபோ. கையில் ரிமோட் வைத்து ஓட்டுவது பொம்மைக் கார். கடைகளில் “ரோபோ கார்” என்ற பெயரில் ரிமோட் கார்களும் விற்பனைக்கு இருக்கின்றன. பாகப் பட்டியலில் ஒரு சென்சாராவது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கோட்பாடு இவ்வளவு போதும்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

1. வீட்டில் என்ன கம்ப்யூட்டர் இருக்கிறது என்று பாருங்கள். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய மடிக்கணினி வீட்டில் இருந்தால், அது ஓடும் நிலையில் இருந்தால், அதுவே போதும். ஆர்டுயினோ மென்பொருளின் புதிய 2-ஆம் பதிப்பு பழைய இயந்திரங்களில் திணறும், 1.8 வரிசைப் பதிப்பை நிறுவுங்கள். மடிக்கணினியே இல்லை என்றால் ஆண்ட்ராய்டு போனில் ஓ.டி.ஜி. கேபிள் மாட்டியும் போர்டுக்கு நிரல் ஏற்றலாம். சிரமம்தான், ஆனால் முடியும்.

2. அருகில் இருக்கும் பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் இருக்கிறதா என்று விசாரியுங்கள். நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்கத் திட்டத்தின் கீழ் 2016 முதல் பள்ளிகளுக்கு ரூ.20 லட்சம் வரை தந்து அமைக்கப்படும் கூடம் இது. அங்கே போர்டும் சென்சாரும் இருக்கும். உங்கள் பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால், காசு செலவழிக்குமுன் ஒரு மணி நேரம் தொட்டுப் பார்க்கக் கேளுங்கள்.

3. ஐம்பது ரூபாயில் ஒரு சோதனை செய்யுங்கள். பழைய பல்துலக்கும் பிரஷின் தலையை வெட்டி எடுங்கள். பழுதான போனிலிருந்து எடுத்த அதிர்வு மோட்டாரையும் ஒரு பட்டன் செல்லையும் இருபக்க ஒட்டு டேப்பால் அதன் முதுகில் ஒட்டுங்கள். வயர்களைச் செல்லின் இரு பக்கத்திலும் தொடவைத்தால் பிரஷ் துடித்துக்கொண்டு ஓடும். இது ரோபோ ஆகாது, இதற்குக் கண் இல்லை. ஆனால் இதைச் செய்துவிட்டு, “அடுத்து இதை எப்படித் திருப்புறது?” என்று பிள்ளை கேட்டால் கிட் வாங்குங்கள். கேட்காவிட்டால் ஆறு மாதம் பொறுங்கள். பட்டன் செல்லைச் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

4. நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்க முடியுமா என்று பேசுங்கள். மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், சார்ஜர் ஆகியவை தெருவுக்கு ஒன்று இருந்தால் போதும்.

மூன்று வகை கிட், ஒரு தீர்ப்பு

முதல் வகை, எல்லாம் மூடிய கிட். கண்ணைக் கவரும் பிளாஸ்டிக் உடல், சொந்த பிளக், சொந்த ஆப். பத்து நிமிடத்தில் ஓடும். போனால் போனதுதான்.

இரண்டாம் வகை, பெரிய பிராண்டுகளின் கட்டைகளைப் பூட்டிச் செய்யும் கிட். தரம் மிக நன்றாக இருக்கும். விலை நம் பட்ஜெட்டுக்கு அப்பால். இதில் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். லெகோ நிறுவனம் 1998-இல் கொண்டுவந்த மைண்ட்ஸ்டார்ம்ஸ், உலகம் முழுக்கப் பள்ளிகளில் புகழ்பெற்றிருந்தது. 2022 இறுதியோடு அதன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். நல்ல பொருள்தான், ஆனால் அதன் மூளைக்கட்டை பழுதானால் இனி பழைய பொருள் விற்பவரைத் தேடித்தான் போக வேண்டும். அத்தனை பெரிய நிறுவனத்தின் பொருளுக்கே இந்த நிலை.

மூன்றாம் வகை, திறந்த பாகங்களால் ஆன கிட். ஆர்டுயினோ ஊனோ வகைப் போர்டு, மஞ்சள் நிற பி.ஓ. மோட்டார், அதை இயக்கும் எல்298என் டிரைவர், ஜம்பர் வயர். பார்க்க அழகில்லை. வயர்கள் தலைவிரிகோலமாகத் தொங்கும். ஆனால் ஒவ்வொரு பாகமும் இந்தியா முழுக்க நூறு கடைகளில் தனித்தனியாகக் கிடைக்கும். ஆர்டுயினோ 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காகப் பிறந்தது. அதன் வரைபடங்களை எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். அதனால்தான் இன்று முந்நூறு, நானூறு ரூபாய்க்கு அதே அமைப்பில் வேறு நிறுவனங்கள் செய்த போர்டும் கிடைக்கிறது. அவை சட்டத்துக்குப் புறம்பானவை அல்ல, தாராளமாக வாங்கலாம். ‘ஆர்டுயினோ’ என்ற பெயரையே அச்சிட்டு விற்கும் போலிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

மலையில் இருப்பவருக்கு என் தீர்ப்பு மூன்றாவது வகை. எட்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை என்றால் மட்டும் வேறு யோசிக்கலாம். அந்த வயதில் வயர் மாட்டுவது எரிச்சலைத்தான் தரும்.

மைக்ரோபிட் பற்றிச் சிலர் கேட்பார்கள். பிபிசி 2016-இல் பிரிட்டனின் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு இலவசமாகத் தந்த போர்டு அது. கட்டங்களை இழுத்துப் போட்டே நிரல் எழுதலாம். ஆரம்பிக்க மிக எளிது. அந்தப் போர்டு ஒன்றின் விலைக்கே இங்கே ஊனோ கிட்டில் பாதிக்கு மேல் வாங்கிவிடலாம் என்பதால்தான் அதை இரண்டாம் இடத்தில் வைக்கிறேன்.

பட்டியல்: ரூ.1,200 முதல் ரூ.1,900 வரை

இதை எழுதும் நேரத்தில் உள்ள சுமார் விலைகள். கடைக்குக் கடை மாறும்.

- ஊனோ வகைப் போர்டு, கேபிளோடு: ரூ.350–600
- இரண்டு சக்கர அடித்தட்டு, இரண்டு பி.ஓ. மோட்டார், சக்கரங்கள், முன்பக்க உருளை: ரூ.350–500
- எல்298என் மோட்டார் டிரைவர்: ரூ.130–200
- ஐ.ஆர். சென்சார் 2: ரூ.80–120
- அல்ட்ராசானிக் தூர சென்சார் (எச்.சி.-எஸ்.ஆர்.04): ரூ.70–120
- ஜம்பர் வயர்: ரூ.60–120
- ஆறு பென்சில் செல் போடும் பெட்டி: ரூ.40–60
- கூடுதலாக இரண்டு பி.ஓ. மோட்டார்: ரூ.120–180

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கூரியர் செலவு ஒரு முறைதான். உதிரியை அதே பார்சலில் வாங்கிவிட்டால், பின்னால் ஒரு பஸ் பயணம் மிச்சம்.

இதையே “முழு கிட்” என்று ஒரே பெட்டியில் விற்பார்கள். பாகங்கள் மேலே சொன்னவையாகவே இருந்து, விலை இருநூறு முந்நூறு அதிகம் என்றால் வாங்கலாம். விளக்கக் கையேடும் உடன் வரும். ரிமோட், கேமரா, ரோபோக் கை என்று முதல் கிட்டிலேயே எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். இரண்டு சக்கரம், ஒரு போர்டு, இரண்டு வகை சென்சார். ஆறு மாதத்துக்கு இதுவே நிறைய.

ஆர்டர் கொடுக்குமுன் படத்தை உற்றுப் பாருங்கள்

1. மோட்டாரில் வயர் ஏற்கெனவே பற்றவைத்திருக்கிறதா? பி.ஓ. மோட்டாரின் பின்னால் தகடுபோல இரண்டு செப்பு இதழ்கள் இருக்கும். மெல்லியவை, இரண்டு முறை வளைத்தால் ஒடிந்துவிடும். வயர் வைத்த மோட்டார் என்றால் பத்து ரூபாய் கூட இருக்கும், சால்டரிங் அயர்னே தேவைப்படாது. முதல் கிட்டுக்கு இது பெரிய நிம்மதி.

2. சென்சார்களில் ஊசிகள் பற்றவைத்து வருகின்றனவா? சில மலிவுப் போர்டுகளில் ஊசி வரிசையைத் தனியாகப் பையில் போட்டுத் தருவார்கள்.

3. அடித்தட்டு என்ன பொருள்? அக்ரிலிக் வாங்குங்கள். அழுத்திய மரத்தூள் பலகை மலிவுதான். நம் ஊர் ஈரத்தில் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் ஓரம் ஊதிவிடும். அக்ரிலிக் தட்டு பழுப்பு நிறத்தில் வந்தால் பயப்பட வேண்டாம். அது மேலே ஒட்டிய பாதுகாப்புக் காகிதம், நகத்தால் உரித்துவிடலாம்.

4. பாகத்தின் பெயரும் எண்ணும் வெளிப்படையாகப் போட்டிருக்கிறதா? “மோட்டார் கண்ட்ரோலர் 1” என்று மட்டும் எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். எல்298என், எச்.சி.-எஸ்.ஆர்.04 என்று எண் இருந்தால்தான் அதே பாகத்தைப் பிறகு தேட முடியும்.

மலைக்குப் பார்சல் வருவது

ஆன்லைனில் வாங்கும்போது உங்கள் பின்கோடைப் போட்டுப் பாருங்கள். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, மன்னவனூர்ப் பக்கம் எல்லாக் கூரியரும் வீடுவரை வருவதில்லை, அஞ்சல் வரும். “அஞ்சல் வழி அனுப்ப முடியுமா?” என்று கடைக்காரரிடம் முன்பே கேளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மலைச்சாலையில் மரமோ மண்ணோ சரிந்தால் எல்லாமே தாமதமாகும். பிறந்தநாள் பரிசு என்றால் மூன்று வாரம் முன்னதாகவே ஆர்டர் கொடுங்கள்.

லித்தியம் செல்லைத் தரைவழியாகத்தான் அனுப்புவோம் என்று பெரும்பாலான கடைகள் சொல்லும். அது தீப்பிடிக்கும் அபாயம் உள்ளதே காரணம். ஒரே ஆர்டரில் லித்தியம் செல் இருந்தால் முழுப் பார்சலும் அதற்காகத் தாமதமாகலாம்.

பார்சலைப் பிரிக்கும்போது போனில் வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பத் தரும் கெடு சில நாட்கள்தான். பெட்டியைப் பரணில் வைத்துவிட்டு லீவு விட்டதும் எடுத்துப் பார்த்தால், பழுதான போர்டை மாற்ற வழியில்லாமல் போய்விடும். வந்த அன்றே போர்டை மட்டுமாவது சோதித்துவிடுங்கள்.

குறிப்பு: மன்னவனூர், கூக்கால் போன்ற இடங்களில் இணையம் தயங்கித் தயங்கித்தான் வரும். ஆர்டுயினோ மென்பொருள், சி.எச்.340 டிரைவர் மென்பொருள் (வேறு நிறுவனங்கள் செய்த ஊனோ வகைப் போர்டுகளில் பலவற்றுக்கு இது வேண்டும்), உதாரண நிரல்கள் ஆகிய மூன்றையும் டவுனுக்கு வரும்போது பென் டிரைவில் இறக்கிக்கொண்டு போங்கள்.

பேட்டரி: பாதிப் பேர் தோற்கும் இடம்

“சார், கிட்டே டூப்ளிகேட்” என்று என்னிடம் வந்த ரோபோக்களில் பெரும்பாலானவற்றில் கோளாறு பேட்டரியில்தான் இருந்தது.

சதுரமான 9 வோல்ட் பேட்டரியால் ரோபோவை ஓட்ட முயலாதீர்கள். மலிவு கிட்டுகளில் அதைத்தான் இலவசமாகப் போட்டுத் தருகிறார்கள். அது ரேடியோ, மல்டிமீட்டர் போன்ற குறைந்த மின்சாரம் இழுப்பவற்றுக்கானது. இரண்டு மோட்டார் ஒன்றாக இழுக்கும்போது அதன் வோல்ட் சரிந்துவிடும். போர்டு அணைந்து அணைந்து எரியும். நிரலில் தவறு என்று நினைத்து நீங்கள் ராத்திரி முழுக்கத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

எல்298என் டிரைவர் தன் பங்குக்கு ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தின்றுவிடும். நான்கு பென்சில் செல் போட்டால் 6 வோல்ட். மோட்டாருக்குப் போய்ச் சேருவது 4. ஓடும், ஆனால் சோர்ந்து ஓடும். அதனால்தான் பட்டியலில் ஆறு செல் பெட்டி சொன்னேன். ரீசார்ஜ் ஆகும் நிக்கல் வகைச் செல் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட். ஆறு போட்டால் 7.2, டிரைவர் தின்றது போக 5-க்கு மேல் மிஞ்சும். 3 முதல் 6 வோல்ட்டுக்கான பி.ஓ. மோட்டாருக்கு இது அளவான தீனி. செல்லும் சார்ஜரும் சேர்த்து ரூ.800-க்கு மேல் ஆகும். பட்ஜெட் இடிக்கிறது என்றால் முதல் மாதம் சாதாரண அல்கலைன் செல்லில் ஓட்டுங்கள். ஆறு சேர்ந்தால் 9 வோல்ட் வரும் என்பதால், நிரலில் வேகத்தை முழு வேகமான 255-க்குப் பதில் 180 என்று வையுங்கள்.

முதல் வாரம் போர்டுக்குத் தனியாகப் பவர் பேங்க், மோட்டாருக்குத் தனியாகச் செல் பெட்டி என்று பிரித்துக் கொடுங்கள். சில பவர் பேங்குகள், இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்றால் ஒன்றும் மாட்டவில்லை என்று நினைத்துத் தாமாகவே அணைந்துவிடும். அப்படி ஆனால் வேறொன்றை மாற்றிப் பாருங்கள்.

18650 என்ற உருளை லித்தியம் செல்லைத் தொடக்கத்தில் வேண்டாம் என்றே சொல்வேன். சக்தி அதிகம், முனைகள் ஒன்றோடொன்று தொட்டால் வயர் பழுக்கும், தீயும் பிடிக்கும். பின்னாளில் வாங்கும்போது உறையில் 5,000, 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். அந்த அளவுச் செல்லில் நல்ல நிறுவனங்கள் தருவதே 3,500 அளவுக்குத்தான். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் விடியற்காலைகளில், குளிர்ந்து கிடக்கும் லித்தியம் செல்லை உடனே சார்ஜ் போடக்கூடாது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல்லுக்குள் நிரந்தரச் சேதம் ஏற்படும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு மாட்டுங்கள்.

முதல் வாரம்: இந்த வரிசையை மாற்றாதீர்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் பூட்டிவிட்டு, ஓடவில்லை என்றால் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொன்றாக நிரூபித்துக்கொண்டே போங்கள்.

1. நாள் ஒன்று, போர்டு மட்டும். யு.எஸ்.பி. கேபிளில் மாட்டி, போர்டின் மேலேயே இருக்கும் 13-ஆம் எண் விளக்கைச் சிமிட்டவையுங்கள். சிமிட்டினால் போர்டு, கேபிள், மென்பொருள் மூன்றும் சரி. கம்ப்யூட்டர் போர்டைக் கண்டுகொள்ளவே இல்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளில் தகவல் போகாது.

2. நாள் இரண்டு, மோட்டார் மட்டும். இரண்டு பென்சில் செல்லை நேரடியாக ஒவ்வொரு மோட்டாரிலும் தொட்டுப் பாருங்கள். கூடுதலாக வாங்கிய இரண்டையும் சோதியுங்கள். சக்கரத்தைக் கையால் வலுக்கட்டாயமாகத் திருகாதீர்கள். உள்ளே 48 மடங்கு வேகம் குறைக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் இருக்கின்றன. பூம்பாறைப் பெட்டியில் நான் பார்த்தது போன்ற மழுங்கல் இப்படியும் வரும்.

3. நாள் மூன்று, சென்சார் மட்டும். அல்ட்ராசானிக் சென்சாரைப் போர்டில் மாட்டி, கையை முன்னால் நீட்டி, திரையில் தூரம் மாறுகிறதா பாருங்கள். இந்தச் சென்சார் ஒலியை வைத்துத்தான் தூரத்தை அளக்கிறது, ஒலியின் வேகமோ காற்றின் சூட்டைப் பொறுத்தது. உதாரண நிரல்களில் இருக்கும் 0.034 என்ற எண் ஏறக்குறைய 15 டிகிரி செல்சியஸுக்கானது. அது நம் ஊருக்கு அப்படியே பொருந்தும். அதே ரோபோவை மதுரையின் 35 டிகிரியில் ஓட்டினால் ஒரு மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் அளவுக்குப் பிசகும்.

4. நாள் நான்கு, அடித்தட்டு. மோட்டாரையும் சக்கரத்தையும் பூட்டுங்கள். அக்ரிலிக்கில் திருகாணியை இறுக்கிக்கொண்டே போனால் விரிசல் விடும். கைக்கு இறுக்கம் தெரிந்ததும் நிறுத்துங்கள்.

5. நாள் ஐந்து, டிரைவரும் வயரும். செல் பெட்டியின் மைனஸ், டிரைவரின் கிரவுண்ட், போர்டின் கிரவுண்ட் மூன்றும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான். இது விட்டுப்போனால் மோட்டார் அசையாது, அல்லது தன்னிச்சையாகத் துடிக்கும். வயர் மாட்டும்போதும் கழற்றும்போதும் செல்லைக் கழற்றி வையுங்கள்.

6. சக்கரம் தரையில் படாமல் ஓட்டம். ரோபோவின் வயிற்றுக்கடியில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிரலை ஓட்டுங்கள். ஒரு சக்கரம் பின்னால் சுற்றினால் அந்த மோட்டாரின் இரண்டு வயரை மாற்றிப் போடுங்கள், அவ்வளவுதான்.

7. அதன் பிறகே தரை. மேசை மேல் வேண்டாம். மேசையிலிருந்து விழுந்த ரோபோக்கள்தான் எனக்குப் பழுதுபார்க்க அதிகம் வருகின்றன. சரிவான முற்றமும் வேண்டாம்.

கோட்டைப் பின்தொடரும் ரோபோவுக்கு வெள்ளைச் சார்ட் அட்டையில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிப் பாதை போடுங்கள். ஐ.ஆர். சென்சாரில் உள்ள நீலத் திருகை மெல்லத் திருகி, வெள்ளையில் விளக்கு எரியவும் கறுப்பில் அணையவும் வைக்க வேண்டும். இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. சூரிய ஒளியிலும் ஐ.ஆர். (அகச்சிவப்புக் கதிர்) இருக்கிறது. ஜன்னலோரம் மூடுபனி நேரத்தில் திருகைச் சரிசெய்வீர்கள். பத்து நிமிடத்தில் வெயில் அடிக்கும், ரோபோ பாதையை விட்டுக் கட்டிலுக்கடியில் போகும். திரைச்சீலையை இழுத்துவிட்டு, மின்விளக்கு வெளிச்சத்தில் சரிசெய்யுங்கள்.

பாதுகாப்பு

சால்டரிங் செய்ய வேண்டி வந்தால் ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். குளிருக்குப் பயந்து கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு வேலை செய்வது நம் ஊர்ப் பழக்கம். அந்தப் புகை மூச்சுக்குள் போகக்கூடாது, ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். மலிவு சால்டரிங் கம்பியில் ஈயம் இருக்கும். சமையலறை மேசையில் வைத்துச் செய்யாதீர்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பிள்ளைகள் பற்றவைக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கம்பித் துணுக்கு தெறிக்கும், கண்ணாடி அணிவியுங்கள்.

எந்தச் செல்லையும் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். மர வீடு, மரத்தரை, மரக்கூரை உள்ளவர்களுக்கு இதை இரண்டு முறை சொல்கிறேன். சிமெண்ட் தரையிலோ ஓட்டின் மேலோ வைத்து, நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள். உப்பிய லித்தியம் செல்லைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது, குத்தவும் கூடாது.

ஓட்டி முடித்ததும் செல்களைக் கழற்றிவிட்டு, ரோபோவை மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைக் கூடவே போடுங்கள். அது இல்லாமல் ஒரு மழைக்காலம் தாண்டினால் ஜம்பர் வயரின் முனைகள் பச்சை பூத்துவிடும்.

இன்னும் ஒன்று, தீர்ந்த செல்களைப் பற்றி. 2001-இல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் டன் கணக்கில் கண்டுபிடிக்கப்பட்டன. கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தவை அவை. தொழிற்சாலை அந்த ஆண்டே மூடப்பட்டது. தொழிற்சாலை வளாகத்து மண்ணைச் சுத்தம் செய்யும் பேச்சு அதற்குப் பின் பல ஆண்டுகள் நீண்டது. இந்த மலையில் கொட்டுவது கீழே இறங்கும் தண்ணீரில்தான் போய்ச் சேரும். நம் வீட்டுச் செல்கள் அளவில் மிகச் சிறியவை, ஆனால் வழி அதே வழிதான். தீர்ந்த செல்லின் முனைகளில் டேப் ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் ஜாடியில் சேர்த்து வையுங்கள். பழைய இரும்புக்காரரிடமும் போடாதீர்கள், குப்பை எரிக்கும் இடத்திலும் போடாதீர்கள். பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ போகும் நாளில் ஜாடியை எடுத்துப்போய், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பூம்பாறைப் பிள்ளையின் கிட்டில் இருந்த சென்சாரில் வழக்கமான ஊசிகளே இருந்தன. அதை மட்டும் எடுத்துக்கொண்டு, மேலே உள்ள பட்டியலிலிருந்து போர்டும் டிரைவரும் அடித்தட்டும் புதிதாக வாங்கினார்கள். இரண்டு மாதத்தில் ஒரு பி.ஓ. மோட்டார் தேய்ந்தது. என்னிடம் யாரும் வரவில்லை. கூடுதலாக வாங்கி வைத்திருந்த மோட்டாரை அவளே மாற்றிவிட்டாள்.